மாறி வந்த ஹெஸ்கெத்

கால்பந்தில் எனக்குத் திறமை கிடையாது. அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வட இங்கிலாந்தில் மார்ஷ்லி டவுன் என்ற அணிக்கு ஒன்பது பருவங்கள் ஆடினேன். அதைப் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். இரண்டு கோப்பை ஊற்றிக் கொடுத்துக் கேட்டால் இதைவிட மோசமாகவும் சொல்வார்கள்.

திறமையெல்லாம் என் தம்பி ரூபனுக்குப் போய்விட்டது. பந்து அவன் காலடிக்கு வந்தால் நாய்க்குட்டி போலச் சுருண்டு படுத்துக்கொள்ளும். என்னிடம் வந்தாலோ, வீடு மாறி நுழைந்துவிட்ட விருந்தாளி போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடும். நாங்கள் இருவருமே எங்கள் ஊரான ஓக்கன்டன் மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை மதியம் ஊர் மெதடிஸ்ட் தேவாலயத்துச் சபை அணிக்கு ஆடுவோம். அவன் முன்வரிசை. நான் பின்வரிசை. என்னை ஆட்டத்தில் சேர்க்காமல் விடப் போதகருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்தே மழை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இருபத்திரண்டு பேரும் ஒரே சேற்று நிறமாகிவிட்டோம். மைதானத்து ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பருத்த மனிதர் நின்றிருந்தார். அவர்தான் கிரிம்ஷா. மார்ஷ்லி கடைத்தெருவில் பன்றிக்கறிக் கடை வைத்திருப்பவர், மார்ஷ்லி டவுன் அணியின் தலைவரும்கூட. அன்று ரூபன் ஐந்து கோல் போட்டான். கிரிம்ஷா பக்கத்தில் நின்றவரிடம், "யாருய்யா அந்தப் பையன்?" என்று கேட்டிருக்கிறார். "ஹெஸ்கெத்து" என்று பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அதிகம் கேட்கிற ஆளல்ல அவர்.

திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ரூபன் தன் பந்தய நாய்களை நடத்திக்கொண்டு மேட்டுப் பக்கம் போயிருந்தான். நான் போய்த் திறந்தேன்.

"ஹெஸ்கெத்தா?"

"ஆமாங்க ஐயா."

"சனிக்கெழம சபை டீமுல ஆடுனது?"

"ஆமாங்க."

தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். "சேறு போனதும் ஆளே வேற மாதிரி இருக்கியேப்பா."

"குளிச்சேங்க."

"மார்ஷ்லி டவுனுக்கு ஆட வர்றியா?"

எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைய ஆட்டத்தில் நான் பந்தை ஒரே ஒரு முறைதான் ஒழுங்காக உதைத்தேன். அது வேலி தாண்டிப் போய்ப் பால்காரரின் குதிரையின் மேல் பட்டது. அந்த உதையைத்தான் இந்த மனிதர் கவனித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாத என் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு கறிக்கடைக்காரர் வர வேண்டியிருந்ததே என்று உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தமும் பட்டேன்.

சந்தேகப்பட்டது அம்மாதான். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. "இவனையா? ஐயா, நல்லாப் பாத்துட்டுத்தான் கேக்குறீங்களா?"

கிரிம்ஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருசமா பன்னிக் காலப் பாத்துப் பாத்து வாங்குறவன்மா நான். நல்ல காலு எதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்."

"பன்னிக்கு நாலு காலு இருக்குங்க. இவனுக்கு இருக்கறதே ரெண்டு. அதுவும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதில்ல."

நான் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகு என் பூட்ஸை எடுத்து மேசைமேல் வைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். ரூபன் நாய்களோடு திரும்பி வந்தான். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணே, நீயா?" என்றான். சிரித்தான், சிரித்தான், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நெசமாவே நல்லதுண்ணே" என்று சொல்லிவிட்டு, நாய்களைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனான். தம்பிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை, அவனுக்கு நாய்கள் போதும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்வதில் நானும் கிரிம்ஷாவுக்குச் சளைத்தவனில்லை.

உண்மை வெளியே வர ஒரு மணி நேரப் பயிற்சியே போதுமாக இருந்தது. மார்ஷ்லி அணியின் பயிற்சியாளர் நட்டால் கட்டைக் குட்டையான ஆள். எப்போதும் கையில் ஒரு வாளியும் அதில் ஊறும் ஸ்பாஞ்சுத் துண்டுமாகத் திரிவார். யாருக்கு எங்கே அடிபட்டாலும் அதுதான் வைத்தியம். நான் ஓடுவதையும் உதைப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்பா, ஒனக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு தம்பி இருக்கானுங்க."

"அவனும் அன்னைக்கு ஆடுனானா?"

"ஆடுனான். அஞ்சு கோல் போட்டான்."

நட்டால் வாளித் தண்ணீரைக் கீழே கொட்டினார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

அன்று சாயங்காலமே கிரிம்ஷாவின் கடைக்குப் போனேன். நான் எத்தனை மூடனாக இருந்தாலும் ஏமாற்றுக்காரன் இல்லை. "ஐயா, நீங்க தேடி வந்தது என் தம்பியத்தாங்க. நான் ரூபன் இல்ல, ஆமோஸ்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சாசேஜ் வாங்க நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரிம்ஷா அவர்களை அனுப்பிவிட்டுக் கடைக் கதவைச் சாத்தினார். என்னைச் சுவரோரம், தொங்கிக்கொண்டிருந்த பன்றிகளுக்கு நடுவே, நிறுத்தினார்.

"தம்பி, நிர்வாகக் குழுவுல ஒம்போது பேரு இருக்கானுங்க. அதுல எட்டுப் பேரு, நான் எப்படா தப்புப் பண்ணுவேன்னு காத்துக்கிட்டிருக்கானுங்க. இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு ஆட்டக்காரனப் பாத்ததில்லன்னு அவனுங்ககிட்டயும் பேப்பர்காரன்கிட்டயும் சொல்லிட்டேன். இப்பப் போயி, ஆளு மாறிப்போச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப நான் என்னங்க பண்றது?"

"அந்த ஆளா ஆயிடு."

அதோடு கதவைத் திறந்துவிட்டார். போகும்போது ஒரு முழம் சாசேஜும் சுற்றிக் கொடுத்தார்.

அந்த ஆளாக ஆவதற்கு நான் உண்மையாகவே பாடுபட்டேன். கால்பந்து என்றால் எனக்கு அவ்வளவு ஆசை. ராத்திரி தூக்கத்தில்கூட உதைப்பேன் என்று அம்மா சொல்வாள், ஆனால் அதிலும் குறி தவறிச் சுவரில்தான் உதைப்பேனாம். அணியில் என்னை நிறுத்திப் பார்க்காத இடமே இல்லை. ஓர் ஆட்டத்தில் எதிரணி கோல் போட உதவினேன். அடுத்த ஆட்டத்தில் யார் உதவியும் இல்லாமல் நானே போட்டேன், எங்கள் கோலில்.

மார்ஷ்லி ஜனங்கள் நுழைவுச்சீட்டு வாங்குவதே கத்துவதற்குத்தான்.

"ஏய் ஹெஸ்கெத்து! அந்தக் கொடிக்கம்பத்த ஆட வுட்டுட்டு நீ போயி மூலையில நில்லுடா!"

"யாராச்சும் இவங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கப்பா! புள்ள வழி தெரியாம இங்க வந்து நிக்குது!"

கிரிம்ஷா மட்டும் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். "பையனுக்குக் கொஞ்சம் நேரம் புடிக்கும்" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்வார். இதையே மூன்று வருஷம் சொன்னார். மனிதர் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டார், அந்த நிழலில் நானும் ஒதுங்கி நின்றேன்.

கடைசியில் எனக்கு வழி காட்டியது கால் இல்லை, வாய். எனக்குப் பயம் வந்தால் பேச்சு வரும். ஒரு நாள் நிலக்கரிச் சுரங்கத்து ஊர் ஒன்றின் அணி எங்களோடு ஆட வந்தது. அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரன் மாட்டு வண்டி மாதிரி இருந்தான். அவனை மறிக்கச் சொல்லி என்னை நடுவில் நிறுத்திவிட்டார்கள். கிட்டே வந்ததும் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அண்ணே, பல்லு வலிக்குதா?"

"என்னது?"

"இல்ல, எடது கன்னம் கொஞ்சம் வீங்குன மாதிரி இருக்கே. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"என்ன ஆரம்பிச்சுது?"

"அத வுடுங்கண்ணே. ரொம்ப நல்ல மனுசன் அவரு."

அதற்குப் பிறகு அவன் கை கன்னத்தை விட்டு இறங்கவே இல்லை. கோல்கீப்பர்கூட இல்லாத கோலில் பந்தை அடிக்கத் தெரியாமல் வானத்தில் அடித்தான். நடுவரிடம் ஓடிப்போய், "ஐயா, இந்தாளு பேசிக்கிட்டே இருக்கானுங்க" என்றான். "பேசக் கூடாதுன்னு சட்டம் இல்லியே. நீ ஏன் காது குடுக்குற?" என்றார் நடுவர்.

ஆட்டம் முடிந்ததும் நட்டால் என்னைப் பிடித்துக்கொண்டார். "அவங்கிட்ட என்னடா சொன்ன?"

"பல்லப் பத்தி விசாரிச்சேங்க."

"அடுத்த வாரத்துலேருந்து எல்லாரு பல்லையும் விசாரி."

இப்படித்தான் லீக் போட்டியில், மூன்றாம் பிரிவின் வடக்குக் குழுவில் நடு மறிப்பாளன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டானது. ஒருவருக்கு வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாரா என்று நினைவூட்டுவேன். இன்னொருவரிடம், அவர் மாமனார் ஊர் எது என்று கேட்பேன். ஊர் பெயரைச் சொன்னதும் "ஓ" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். 'ஹெஸ்கெத் தன் இடத்தில் உறுதியாக நின்றார்' என்று பத்திரிகையில் எழுதினார்கள். உண்மைதான். எனக்கு ஓட வராது, நிற்கத்தான் வரும்.

ரூபன் இதற்குள் தறி மேஸ்திரியாகி, கல்யாணம் முடித்து, இரண்டு பெண்களுக்குத் தகப்பனாகியிருந்தான். சபை அணியில் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கு ஆட்டம் இல்லாத சனிக்கிழமைகளில் மார்ஷ்லிக்கு வந்து என் ஆட்டத்தைப் பார்ப்பான். திரும்பும்போது பஸ்ஸில், "பரவால்லண்ணே, இன்னைக்கு ரெண்டு தடவ பந்தத் தொட்ட" என்பான்.

முப்பத்திரண்டாம் வருஷம் ஜனவரியில் கோப்பைப் போட்டியில் எங்களுக்குக் கிங்ஸ்பரோ அணியோடு ஆட்டம் விழுந்தது. முதல் பிரிவில் மேலே நிற்கும் அணி. அவர்களுடைய பென்ஃபோல்ட் இங்கிலாந்துக்கே ஆடுபவன். சிகரெட் பெட்டிக்குள் வருகிற படங்களில் அவன் முகம் இருக்கும். எங்கள் ஊர்ப் பையன்கள் அந்த ஒரு படத்துக்கு மற்ற பத்துப் படங்களைக் கொடுப்பார்கள். என் படம் எந்தப் பெட்டியிலும் கிடையாது.

மார்ஷ்லியில்தான் ஆட்டம். ஊரே வந்துவிட்டது. உருகின பனியில் மைதானம் கஞ்சி மாதிரி இருந்தது. நான் பென்ஃபோல்டின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, பல்லு ஏதாச்சும்..."

"எனக்குப் பல்லே இல்லய்யா" என்று வாயைத் திறந்து காட்டினான். பல் செட்டை உடை மாற்றும் அறையில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான். ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. வேறு எதுவும் தோன்றவில்லை. பயத்தில் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"நான் இங்க ஆடவே கூடாதுங்க. ஆளு மாறி வந்துட்டேன்."

"வாய மூடு."

"சரிங்க. எங்க தம்பியத் தேடித்தான் அந்தக் கறிக்கடைக்காரரு வந்தாரு. கதவ நான் தொறந்துட்டேன்."

அவன் பந்து பக்கம் ஓடினான். நான் முடிந்தவரை பின்னாலேயே போனேன். திரும்பி வந்தபோது, "எந்தக் கறிக்கடைக்காரரு?" என்றான்.

பன்றிக் கால் பற்றிச் சொன்னேன். அம்மா சொன்ன பதிலைச் சொன்னேன். அதைக் கேட்டு அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது பந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அவன் அணிக்காரர்கள் அவனைத் திட்டினார்கள். இரண்டாம் பாதியில் அவனாகவே வந்து என் அருகில் நின்றுகொண்டான். "ம், அப்பறம்? வாளியக் கவுத்துப் போட்டு ஒக்காந்தாரு. அப்பறம்?" நான் கடைக்குப் போனதையும் கிரிம்ஷா கதவைச் சாத்தியதையும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசி விசில் ஊதிவிட்டது. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

"அந்தாளு என்னய்யா சொன்னாரு?" என்று பென்ஃபோல்ட் என் சட்டையைப் பிடித்தான்.

"பொதன்கெழம மறு ஆட்டத்துக்கு ஒங்க ஊருக்கு வருவேன்ல, அப்பச் சொல்றேன்."

ஜனங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனார்கள். வாசலில் கீழே போட்டார்கள். அது தற்செயலாக நடந்தது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை மறு ஆட்டம் கிங்ஸ்பரோவில். ரூபன் மில்லில் சொல்லிவிட்டு எங்களோடு ரயிலில் வந்தான். மைதானத்துக்குள் நுழைந்ததும் பென்ஃபோல்ட் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். அவனுடைய இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தது. பஞ்சையே நூலாக்கி நெய்து பிழைக்கிறவர்கள் நாங்கள். அந்தப் பஞ்சு எங்களுக்கு எதிராகத் திரும்பியது அன்றுதான். பழக்க தோஷத்தில் நான் பாதி ஆட்டம் வரை பேசிக்கொண்டே இருந்தேன். அவன் பாட்டுக்கு நாலு கோல் போட்டான். அவன் கூட்டாளிகள் இரண்டு போட்டார்கள்.

ஆட்டம் முடிந்து, வாசலில் வண்டிக்காகத் தூறலில் நின்றுகொண்டிருந்தோம். ரூபன் காகிதத்தில் சுற்றிய வறுத்த மீனும் கிழங்கும் தின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, கிரிம்ஷா குடைக்குக் கீழே தனியாக நின்றார். அப்போது தொப்பி வைத்துக்கொண்டு, பல் செட் மாட்டிக்கொண்டு, பென்ஃபோல்ட் வந்தான். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. காதிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"இப்பச் சொல்லு. கதவச் சாத்திட்டு என்ன சொன்னாரு?"

நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மில்லில் வளர்ந்தவனின் தாழ்ந்த குரல் தெருவுக்கு அந்தப் பக்கமும் கேட்கும். 'அந்த ஆளா ஆயிடு' என்றதும் பென்ஃபோல்ட் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம், "அந்தத் தம்பி இப்ப எங்க?" என்றான்.

"இந்தா நிக்கிறான்."

பென்ஃபோல்ட் ரூபனைப் பார்த்தான். அவன் நிற்கிற நிற்பையும் கால்களையும் பார்த்தான். ஓர் ஆட்டக்காரன் இன்னொரு ஆட்டக்காரனைப் பார்க்கிற பார்வை அது. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "நீ ஏம்ப்பா வரல?" என்றான்.

ரூபன் விரலில் இருந்த உப்பை நக்கினான். "யாரும் கூப்புடலீங்களே."

"கூப்புட்டிருந்தா?"

"கூப்புட்டாத்தானே தெரியும்."

பென்ஃபோல்ட் அதற்கு மேல் சிரிக்கவில்லை. ரூபனிடம் கை நீட்டி, எண்ணெய்க் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். கிரிம்ஷா எதிரே இருந்த புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அதில் புகைகூட வரவில்லை.

ரயிலில் நானும் ரூபனும் எதிரெதிராக உட்கார்ந்தோம். ரயில் நகர்ந்ததும், "நீ சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"என்னன்னு சொல்றது?"

"ஒனக்கும் ஆச இருக்குன்னு."

"ஆச இருந்துச்சா இல்லியான்னு எனக்கே தெரியாதுண்ணே. அன்னைக்கு வீட்டுக்கு வர்றேன், நீ பூட்ஸத் தூக்கி மேச மேல வச்சுத் தொடச்சிக்கிட்டிருக்க. அம்மா ஒரு வார்த்த வையல. மேச மேல செருப்பு வச்சதுக்கு அம்மா வையாம இருந்தது நம்ம வீட்டுல அன்னைக்கு மட்டுந்தான். ஒம் மூஞ்சிய நீ பாத்திருக்கணும். அதப் போயி எப்படிக் கெடுக்கறது?"

எந்த ஊர் ஆட்டக்காரனையும் பேசியே கவிழ்த்தவன் நான். மார்ஷ்லி வந்து சேரும்வரை எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. ரூபன் தூங்கிவிட்டான். நான் ஜன்னலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை.

கிரிம்ஷாவிடம் போய்ச் சண்டை போடுவதாகத்தான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரூபன் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது கதவு தட்டப்பட்டது. நான் எழுந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இந்தத் தடவ அவன் தொறக்கட்டும்."

ரூபன் திறந்தான். கிரிம்ஷா தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"ரூபன் ஹெஸ்கெத்து?"

"ஆமாங்க."

"ஆறு வருசத்துக்கு முந்தி ஒங்க வீட்டுக் கதவத் தட்டுனேன். வேற ஆளு தொறந்துட்டான். அப்பவே திரும்பி வந்திருக்கணும். வரல." இதைச் சொல்ல அந்த மனிதருக்கு வேர்த்துவிட்டது. "இப்பக் கேக்குறேன். வர்றியா?"

ரூபன் உள்ளே வந்து மனைவியைப் பார்த்தான். அவள், "போயித்தான் பாருங்களேன்" என்றாள். அவன் வாசலுக்குத் திரும்பி, "சரிங்க, பாக்கலாம்" என்றான்.

பிப்ரவரியிலிருந்து மே வரை ரூபன் மார்ஷ்லி டவுனுக்கு ஆடினான். முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல். இருபத்தாறு வயதில் மில் புகையைத் தின்று வளர்ந்த நெஞ்சு கொஞ்சம் இரைத்தது, ஆனால் பந்துக்கு அது தெரியவில்லை. மூன்றாவது கோல் விழுந்ததும் கிரிம்ஷா இருக்கையிலிருந்து குதித்து எழுந்தார். "சொன்னேன்ல? இருவத்தாறுலயே சொன்னேன்ல, ஹெஸ்கெத்து காலு மாதிரி வராதுன்னு!" நிர்வாகக் குழுவின் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

எனக்குப் பொறாமை வந்ததா என்றால், வந்தது. முதல் அரைமணி நேரம் நன்றாகவே வந்தது. அப்புறம் நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பந்தை வெளியே உதைத்தேன். ஆறு வருஷமாக என் உதைகள் எங்கே போய் விழுகின்றன என்று நான் பார்த்ததே இல்லை, பார்க்க வெட்கம். அன்று ரூபன் அதன் கீழே ஓடிப்போய் நின்று, மார்பில் வாங்கி, காலில் இறக்கி, இரண்டு பேரைத் தாண்டிக் கோலாக்கினான். நான் யோசித்தே அனுப்பினேன் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். கை தட்டினார்கள். நானும் யோசித்துத்தான் அனுப்பினேன் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அதன் பிறகு பொறாமைக்கு நேரமில்லை, கண்ணை மூடாமல் உதைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அம்மா முதல் முறையாக மைதானத்துக்கு வந்தாள். ஆட்டம் முடிந்து என்னிடம், "இப்பத்தான்டா வெளங்குது, இத எப்படி ஆடுறதுன்னு" என்றாள். பத்திரிகையில் என்னை 'ரூபன் ஹெஸ்கெத்தின் அண்ணன்' என்று எழுத ஆரம்பித்தார்கள். என் பெயர் அச்சில் வந்ததைவிட அது அதிகம் வந்தது.

மே மாதம் கிரிம்ஷா அடுத்த பருவத்துக்குக் கேட்டபோது ரூபன் வேண்டாம் என்றுவிட்டான்.

"ஏம்ப்பா, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க ஐயா. இது வேல. எனக்கு ஏற்கனவே ஒரு வேல இருக்கு."

என்னிடம் இன்னும் கொஞ்சம் சொன்னான். "சபை டீமுல தோத்தாக்கூட சிரிச்சுக்கிட்டே வருவோம். இங்க ஜெயிச்சாலும் அடுத்த சனிக்கெழமைய நெனச்சு எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கானுங்க. நீ எப்படிண்ணே இத்தன வருசம் ஒக்காந்திருந்த?"

"எனக்கு வேற எங்கயும் எடம் குடுக்க மாட்டாங்களேடா."

"அவரு வந்து கேட்டது நல்லதுண்ணே. போயிருந்தா எப்படி இருந்திருக்கும்ங்கற நெனப்பு இனிமே எனக்கு இல்ல."

நான் மேலும் மூன்று வருஷம் ஆடினேன். என் பேச்சு வட இங்கிலாந்து முழுக்கத் தெரிந்துவிட்டதால் பல அணிக்காரர்கள் பஞ்சோடு வர ஆரம்பித்தார்கள். முப்பத்தைந்தில் மார்ஷ்லி டவுன் என்னை விடுவித்தது. நட்டால் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். "ஒன்ன மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்லடா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

இப்போது மார்ஷ்லி சந்தையில் பீங்கான் பாத்திரக் கடை போட்டிருக்கிறேன். ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று, தட்டுகளை விசிறி போலக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து மதியம் வரை பேச வேண்டும். நான் பேசுவதைக் கேட்க ஜனங்கள் தாமாகவே வந்து நிற்கிற இடம் இது ஒன்றுதான். ஆரம்பத்தில் ஒன்றும் விற்கவில்லை. இப்போது பரவாயில்லை.

போன இலையுதிர் காலத்தில் கிரிம்ஷா கடைக்கு வந்தார். இளைத்திருந்தார், கைத்தடி பிடித்திருந்தார். ஒரு தட்டை எடுத்து நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

"நல்ல தட்டாப்பா இது?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

"எனக்கும் தெரியல" என்றார். ஆறு தட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மதியம் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு ஓக்கன்டனுக்குப் பஸ் ஏறிவிடுவேன். ரூபன் இன்னும் சபை அணிக்கு ஆடுகிறான். வேகம் குறைந்துவிட்டது, சிரிப்பு அதிகமாகிவிட்டது. நானும் அம்மாவும் கயிற்றோரம் நின்று பார்ப்போம். மழை வந்தால் அம்மா, "போதும்டா, வா, வீட்டுக்குப் போவம்" என்பாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் அவள் தலைக்கு மேல் என் கோட்டைப் பிடித்துக்கொள்வேன்.